மைக்காத் தாள்

சீட்டுக்கடியிலிருந்து கழற்றி
துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார் ஏழுமலை.
தோசைக்கல் மாதிரி சுட்டது.
பாட்டுப் பாடி வந்த சூடு இல்லை,
காட்பாடி ஸ்டேஷன் வாசலில்
டவேரா நின்ற சூடு.

"ராஜா இல்லாத கோட்டை,
தண்ணி இல்லாத ஆறு,
இப்ப சத்தம் இல்லாத ஸ்பீக்கர்.
நம்ம ஊரு ராசி பாருக்கா."

எப்போது நின்றது என்றேன்.
யோசித்தார்.
வாரம் முழுக்க ஆஸ்பத்திரி சவாரி.
ஹவுரா வண்டியில் வந்திறங்குகிறவர்கள்,
எக்ஸ்ரே உறையை மடியில் வைத்துக்கொண்டு
லாட்ஜ் பெயரை மட்டும்
திரும்பத் திரும்பச் சொல்கிறவர்கள்.
அவர்கள் இருக்கும்போது பாட்டுப் போடுவதில்லை.
"அதனால எப்ப போச்சுன்னு
எனக்கே தெரியலக்கா."

பன்னிரண்டு வோல்ட் கொடுத்தேன்.
ஸ்பீக்கர் ஒயர் இல்லை, ஆர்சிஏ இல்லை,
எதுவும் மாட்டாமலே சிவப்பு.
ஆக, நோய் வெளியில் இல்லை.

நல்ல குணம் இந்த ப்ரொடெக்டுக்கு.
உள்ளே ஒன்று கெட்டால்
ஊரைக் கூட்டாது, ஸ்பீக்கரை எரிக்காது.
வாயை மூடிக்கொண்டு
கடுகு அளவு விளக்கொன்றை
ஏற்றி வைத்துக்கொள்ளும்.

அடித்தகட்டுக்குப் பத்துத் திருகு.
எட்டுதான் இருந்தது.
அப்போதே லேசாக உறுத்தியது.

மீட்டரை பீப்பில் வைத்து
கால் காலாகத் தொட்டுக்கொண்டு போனேன்.
சப்ளை மாஸ்ஃபெட்கள் சரி.
முன் இடது சரி. முன் வலது சரி.
பின் இடதில்
கத்தியது.

கிளாம்பைத் தளர்த்தினேன்.
டிரான்சிஸ்டருக்கும் அலுமினியத்துக்கும் நடுவே
வெங்காயத் தோல் கனத்தில் மைக்காத் தாள்.
சூட்டைப் போகவிட வேண்டும்,
கரண்ட்டைப் போகவிடக் கூடாது.
அவ்வளவுதான் அதற்கு உத்தியோகம்.
ஓரத்தில் ஒரு பழைய கிழிசல்,
கிழிசலில் கருகிய பொட்டு.

பிறகுதான் ஈயத்தைப் பார்த்தேன்.
ஒவ்வொரு பொட்டும் ஒரே பக்கம் சாய்ந்து
நுனியில் சின்ன வால்.
சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடி வரை
இடது கையால் ஈயம் வைப்பவள்
ஒருத்திதான்.

மூன்று வருஷம் முன்பு, வைகாசி.
குடியாத்தம் சிரசுத் திருவிழாவுக்கு
மறுநாளே வேண்டும் என்று
கடையில் பன்னிரண்டு பெட்டி.
புதுத் தாள் தீர்ந்திருந்தது.
கிழிசலின் மேல் பேஸ்ட்டைத் தடவி
இப்போதைக்கு ஓடட்டும் என்றேன்,
யாரிடம் சொன்னேனோ.

"இன்னாக்கா ஆச்சு?"
தூசி என்றிருக்கலாம்.
வெயில் என்றால் இந்த ஊரில்
மறு கேள்வியே வராது.
"முன்ன வேலை பார்த்தவங்க
மைக்காவ மாத்தல."
"எந்தப் புண்ணியவான் அது?"
"புண்ணியவதி," என்றேன். "நான்தான்."

டீ கிளாஸை ஸ்டூலில் வைத்தார்.
"அப்ப யாருக்கு யாரு காசு தரணும்?"
பாதி சிரிப்பு.
மீதிப் பாதி என்னவென்று
எனக்குப் பிடிபடவில்லை.

டிரான்சிஸ்டரை ஜோடியாகவே மாற்றினேன்.
ஒன்று செத்த இடத்தில் மற்றதை
நம்ப முடியாது.
கருகிய ரெசிஸ்டர் ஒன்று.
அவர் கேட்காமலே
எட்டுக்கும் புதுத் தாள்.

பேட்டரிக்கும் பெட்டிக்கும் நடுவில்
பழைய அம்பாசிடர் ஹெட்லைட் பல்பு.
ஷார்ட் மிச்சமிருந்தால்
பல்பு நின்று எரியும்.
இல்லாவிட்டால் ஒரு கணம் முழித்துவிட்டு
அடங்கும்.

சுவிட்சைத் தட்டினேன்.
முழித்தது.
ஏழுமலை மூச்சு விடவில்லை,
நானும்தான்.

அடங்கியது.
சிவப்பு தயங்கி,
உள்ளே ரிலே டக்கென்று சொல்ல,
பச்சை.

பயாஸ் வைக்குமுன்
பத்து நிமிஷம் சூடேற வேண்டும் என்பார்கள்.
வேலூரில் ஐந்து போதும்.

பெஞ்ச் ஸ்பீக்கரில் தவில் ஒரு உருட்டு வந்தது,
அதற்குள் போன்.
தன்பாத் வண்டி பிளாட்பாரத்தில்,
மூன்று பேர், ஒரு வீல்சேர்.
டீக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு
பெட்டியை சீட்டுக்கடியில் மாட்டினார்.

பத்துத் திருகும் போட்டிருக்கிறேன்.
வண்டி திரும்பும்வரை பார்த்தேன்.
கண்ணாடி இறக்கித்தான் இருந்தது.
பாட்டுச் சத்தம் இல்லை.
சீட்டுக்கடியில் அந்தப் பச்சை
இந்த வாரமும் யாருக்கும் தெரியப் போவதில்லை.